வெளியூரிலிருந்து வீட்டுக் கணினி எடுக்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

கணினி ஊரில், வேலை வேறு ஊரில். டேலி கணக்கு, பழைய போட்டோக்கள், பாதியில் நிற்கும் வடிவமைப்பு வேலை எல்லாம் ஊர்க் கணினியில் கிடக்கும். அதை இங்கிருந்தே திறந்து வேலை பார்க்க என் வீட்டிலும் சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர் வீட்டிலும் ஏற்பாடு செய்து கொடுத்தேன். அதற்குப் பலனாக, "கனெக்ட் ஆகல" என்று அடிக்கடி போன் வருகிறது. இத்தனை வருடத்தில் பார்த்துவிட்டேன், திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். விண்டோஸ் கணினியை வைத்து அவற்றை எழுதுகிறேன். நீங்கள் பயன்படுத்துவது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பாக இருந்தாலும் எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற செயலியாக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும், எதையும் மாற்றுவதற்கு முன் வீட்டில் இருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கரண்ட் இருக்கிறதா? வீட்டு வைஃபையில் யூடியூப் ஓடுகிறதா? கணினியில் விளக்கு எரிகிறதா, திரையில் என்ன தெரிகிறது? மூன்றாவதற்கு வாய்வார்த்தை போதாது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "ஏதோ நீலமா இருக்குடா" என்று அம்மா சொன்னதை டெஸ்க்டாப் படம் என்று நினைத்து ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உண்மையில் அது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்கும் திரை.

உங்கள் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அலுவலக வைஃபையில் எடுக்கவில்லை என்றால் போன் டேட்டாவுக்கு மாறி முயலுங்கள். பல அலுவலகங்களும் விடுதிகளும் இந்தச் செயலிகளை அடைத்து வைத்திருக்கும். போன் டேட்டாவில் எடுத்தால் வீட்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

## அறிகுறி 1: கணினி "ஆஃப்லைன்" என்று காட்டுகிறது, எந்தப் பதிலும் இல்லை

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதற்குத்தான்.

### கணினி ஓடுகிறது, ஆனால் தூங்கிவிட்டது

வீட்டில் யாராவது மவுஸை அசைத்ததும் நீங்கள் உள்ளே போக முடிகிறது என்றால் காரணம் தூக்கம்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய் ஸ்லீப்பை "நெவர்" என்று வையுங்கள். திரை அணைவதை அப்படியே விடலாம், அதனால் தொந்தரவு இல்லை. லேப்டாப் என்றால் மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற அமைப்பும் கண்ட்ரோல் பேனலில் உண்டு. அதை "டூ நத்திங்" ஆக்காமல் விட்டால், வீடு பெருக்க வருபவர் லேப்டாப்பை மூடிவைக்கும் அன்று உங்கள் வேலை நின்றுவிடும்.

அதையும் செய்த பிறகு சில மணி நேரம் கழித்துத் துண்டிக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

### கரண்ட் போய் வந்தது, ரவுட்டர் எழுந்தது, கணினி எழவில்லை

பவர் கட் உள்ள ஊர்களில் இது வாடிக்கை. கரண்ட் வந்ததும் கணினி தானாக ஓடத் தொடங்க வேண்டுமென்றால் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்றோ "ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்" என்றோ இருக்கும், மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் மாறும். அதை "பவர் ஆன்" என்று வையுங்கள். டெஸ்க்டாப் மதர்போர்டு பெரும்பாலானவற்றில் இது உண்டு, லேப்டாப்பில் அரிது. பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் அதன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பயாஸுக்குள் போக வேண்டும்.

மாற்றி வைத்தும் மறுபடி அதே கதையா? அப்படியானால் நான் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அது தீர்ந்துபோனால், கரண்ட் முழுதாகப் போய் வரும் ஒவ்வொரு முறையும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். "எஃப்1 அழுத்தவும்" என்று கேட்டுக்கொண்டே திரை காத்திருக்கும், அழுத்த வீட்டில் ஆள் இருக்காது. யாராவது எஃப்1 அழுத்தி உள்ளே போனாலும் தேதி தவறாக இருப்பதால் பாதுகாப்பான இணைப்புகள் தோற்கும், ரிமோட் செயலி ஆஃப்லைன் என்றே காட்டும். நெட் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். புது பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ரவுட்டர் விலையில் கால்வாசிகூட வராது. டெஸ்க்டாப்பில் கழற்றி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். லேப்டாப்பில் இதைத் தொடாதீர்கள்.

### கணினி ஓடுகிறது, ரவுட்டர் அணைந்திருக்கிறது

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளிலும் பல நேரம் அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான் போகும். ஃபைபர் மோடம் சொருகியிருக்கும் பிளக் அதில் சேராது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். அல்லது ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் எல்லாம் அப்படி இல்லை.

### அப்டேட் முடிந்து கணினி மறுபடி ஓடுகிறது, லாகின் திரையில் நிற்கிறது

விண்டோஸ் நள்ளிரவில் தானே மூடித் திறந்திருக்கும். உங்கள் ரிமோட் செயலியோ யாராவது லாகின் செய்த பிறகுதான் ஓடும்படி அமைந்திருக்கும். எனிடெஸ்க் போன்றவற்றை டவுன்லோடு செய்த கோப்பிலிருந்து நேரடியாக ஓட்டினால் இப்படித்தான் ஆகும். முறையாக இன்ஸ்டால் செய்து, ஆள் இல்லாமல் நுழைவதற்கான கடவுச்சொல்லையும் வைத்தால் லாகின் திரையிலேயே உங்களால் உள்ளே வர முடியும். டெயில்ஸ்கேல் (உங்கள் சாதனங்களை இணையம் வழியே ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் செயலி) வைத்திருப்பவர்கள் அதன் மெனுவில் "ரன் அன்அட்டெண்டட்" என்பதை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை கிடையாது, அது சர்வீஸாகவே உட்கார்ந்துகொள்ளும்.

### நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

அம்மா பார்த்தது இதுதான். பயாஸ் அப்டேட், பயாஸ் அமைப்புகள் அழிந்துபோனது போன்றவற்றுக்குப் பிறகு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்த கணினி என்றால் உங்கள் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைஸஸ் பகுதியில் மீட்புச் சாவி இருக்கும். போனில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி அடிக்கவையுங்கள், பொறுமை வேண்டும். சாவி எங்குமே இல்லை என்றால் எந்த சர்வீஸ்காரராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. "திறந்து தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

பட்டனை அழுத்தினாலும் விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து உடனே அணைகிறது. பிளக்கையும் வயரையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அப்புறம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) அல்லது மதர்போர்டுதான். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

## அறிகுறி 2: வீட்டுக்குள் எடுக்கிறது, வெளியே போனால் எடுக்கவில்லை

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நேராகக் கணினிக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டு ரிமோட் டெஸ்க்டாப் வைத்தவர்களுக்கு இது வரும். செயலி வழியாகப் போகிறவர்கள் அடுத்த அறிகுறிக்குத் தாண்டலாம்.

முதலில் சோதனையைச் சரியாகச் செய்கிறீர்களா? வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் வெளி முகவரியை அடித்துப் பார்த்தால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது. போனில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் முயன்று பாருங்கள். அதிலும் எடுக்கவில்லை என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

### ரவுட்டர் காட்டும் முகவரியும் கூகுள் காட்டும் முகவரியும் வேறு வேறு

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐபி (வெளி முகவரி) என்று ஓர் எண் இருக்கும். அதே வைஃபையிலிருந்து "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ரவுட்டரில் தெரிவது 192.168 என்று தொடங்கினால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. நிறுவனம் கொடுத்த மோடம் ஒன்று, நீங்கள் வாங்கியது ஒன்று. முதலாவதை பிரிட்ஜ் நிலைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக இருக்கும் நிலைக்கு) மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில், அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. சிஜிநாட் என்பார்கள். இந்தியாவில் வீட்டு இணைப்புகளில் இது சாதாரணம். ரவுட்டரில் என்ன போர்ட் திறந்தாலும் பயனில்லை, அடைப்பு நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரவுட்டர் பக்கத்திலேயே கழித்திருக்கிறேன். இரண்டு வழி உண்டு. மாதக் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். அல்லது போர்ட் திறப்பதையே விட்டுவிட்டு டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைக் கணினியிலும் போனிலும் போட்டுக்கொள்ளலாம். வீட்டு உபயோகத்துக்கு அது இலவசம், சிஜிநாட்டையும் தாண்டிப் போகும்.

### முகவரி ஒன்றுதான், ஆனாலும் எடுக்கவில்லை

நேற்றைய வெளி முகவரி இன்று மாறியிருக்கலாம், ரவுட்டரை அணைத்துப் போட்டாலே மாறும். மாறும் எண்ணுக்குப் பதில் நிலையான பெயர் தரும் டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவை வைத்திருந்தால் அது புது எண்ணைப் பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள்.

வெளி முகவரி சரி என்றால் உள் முகவரியைப் பாருங்கள். ரவுட்டரில் 192.168.1.5-க்கு அனுப்பச் சொல்லி எழுதியிருப்பீர்கள், இன்று கணினிக்கு 192.168.1.8 கிடைத்திருக்கும். ஐந்தாம் எண் இப்போது டிவியிடம் இருக்கலாம். ரவுட்டரில் கணினிக்கு அந்த எண்ணையே ஒதுக்கிவையுங்கள். ஒதுக்கியும் மாறுகிறது என்றால், விண்டோஸ் வைஃபை அமைப்பில் "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்" இயங்குகிறதா பாருங்கள், அணைத்துவிடுங்கள். கேபிளில் இணைத்தால் இந்தப் பஞ்சாயத்தே வராது.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாலும், வீட்டுக்கு போர்ட் திறக்கிற வழியை நான் இப்போது யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் இணையத்தில் திறந்திருந்தால் நாள் முழுக்க யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டையில், கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸுக்குள் நுழைய முடிந்தது. போர்ட் எண்ணை மாற்றி வைப்பது கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

## அறிகுறி 3: இணைகிறது, கடவுச்சொல்லை ஏற்கவில்லை

பின் எண்ணை அடிக்கிறீர்களா? வீட்டில் நாலு இலக்கப் பின் போட்டே பழகியிருப்போம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அது செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயர் முழு மின்னஞ்சல் முகவரி.

கடவுச்சொல் சரி, மின்னஞ்சல் சரி, ஆனாலும் மறுக்கிறதா? அந்தக் கணினியில் நீங்கள் முதல் நாளிலிருந்து பின் மட்டுமே போட்டிருந்தால், அல்லது கடவுச்சொல்லை இணையத்தில் மாற்றியிருந்தால், கணினிக்கு உங்கள் கடவுச்சொல்லே தெரியாது. சைன்-இன் அமைப்புகளில் "மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ மட்டும்" என்பதை அணைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது ஒரே ஒரு முறை கடவுச்சொல்லை அடித்து உள்ளே போகச் சொல்லுங்கள். அதன்பின் வெளியிலிருந்தும் ஏற்கும். இந்த ஒரு விஷயத்துக்காக ஆறு மணி நேரம் பஸ்ஸில் ஊருக்குப் போய் வந்தவர் எங்கள் உறவிலேயே உண்டு.

கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது. ஒன்று வையுங்கள்.

"கணக்கு பூட்டப்பட்டுள்ளது" என்று வருகிறதா? புதிய விண்டோஸ் 11-இல் 10 முறை தவறாக அடித்தால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அடித்தது நீங்கள் இல்லை என்றால் ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். விதவிதமான பயனர் பெயர்களில் வரிசையாகக் கிடந்தால் வெளியாட்கள் முயல்கிறார்கள். ரவுட்டரில் திறந்த போர்ட்டை அன்றே மூடுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும் பொத்தானே காணோம், அல்லது இந்தப் பதிப்பில் இல்லை என்று வருகிறது என்றால் அது விண்டோஸ் ஹோம். ப்ரோவுக்குப் பணம் கட்ட வேண்டும். நான் கட்ட மாட்டேன், செயலி போதும்.

## அறிகுறி 4: ஆறு மாதம் நன்றாக ஓடியது, ஒருநாள் திடீரென்று நின்றது

யாரும் எதையும் தொடவில்லை என்பார்கள், உண்மையும் அதுதான். ஏதோ ஒன்றின் காலம் முடிந்திருக்கும். டெயில்ஸ்கேலில் ஒரு கணினியின் அனுமதி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டில் மறுபடி லாகின் செய்தாக வேண்டும். செய்த கையோடு அதன் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு "டிஸேபிள் கீ எக்ஸ்பைரி" கொடுத்துவிடுங்கள். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் உறுதிசெய்யாவிட்டால் போய்விடும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பையும் ஒருமுறை பாருங்கள்.

## அறிகுறி 5: இணைந்துவிட்டது, திரை கறுப்பு

அரை நிமிடம் காத்திருங்கள். வரவில்லை என்றால், ரிமோட் டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் அழுத்துங்கள், அங்கே கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தியதற்குச் சமம். வரும் பட்டியலை ரத்து செய்தாலே பல நேரம் திரை திரும்பிவிடும். அடிக்கடி வந்தால் இணைப்பு அமைப்பின் எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் பிட்மேப் கேஷிங்கின் டிக்கை எடுங்கள்.

எனிடெஸ்க் போன்ற செயலியில், ஏதாவது நிறுவும்போது மட்டும் திரை உறைந்து போகிறதா? அங்கே "அனுமதிக்கவா" என்ற பெட்டி வந்து நிற்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் "எஸ்" அழுத்தச் சொல்லுங்கள். செயலியை முறையாக இன்ஸ்டால் செய்திருந்தால் இது வராது.

மானிட்டர் அணைந்திருக்கும்போது மட்டும் கறுப்பு என்றால், மானிட்டர் இல்லை என்று கிராஃபிக்ஸ் கார்டு வேலையை நிறுத்திவிட்டது. எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று கேட்டு வாங்கிச் சொருகுங்கள், மானிட்டர் இருப்பதாகவே நம்பிக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் உள்ளே போனதும் வீட்டுத் திரை பூட்டிக்கொண்டது என்று அப்பா போன் செய்தால், அது கோளாறே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டுமென்றால் செயலிக்கு மாறுங்கள்.

## அறிகுறி 6: இழுக்கிறது, மவுஸ் பின்னால் ஓடிவருகிறது

இங்கே கணக்கில் வருவது வீட்டின் அப்லோடு வேகம். ஃபைபரில் அது பெரும்பாலும் போதும், 4ஜி டாங்கிளில் தடுமாறும். முதலில் கணினியை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலாவது சேருங்கள். அப்புறம் ரிமோட் அமைப்பில் திரை அளவையும் வண்ணத்தையும் குறைத்து, அங்கே இருக்கும் வால்பேப்பரை எடுத்துவிடுங்கள். டெயில்ஸ்கேலில் இணைப்பு நேரடியாகப் போகாமல் ரிலே (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகப் போனாலும் மந்தமாகும். போன் டேட்டாவிலிருந்து வேறு வைஃபைக்கு மாறிப் பாருங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் இழுக்கிறது என்றால் உங்கள் வீட்டில் தவறில்லை. அந்த நேரத்தில் வேகச் சோதனை எடுத்து ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுங்கள்.

## அறிகுறி 7: தமிழில் தட்டினால் வேறு ஏதோ வருகிறது

இதை ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் கிடைக்காது. இங்கே என்எச்எம் ரைட்டர் (தமிழில் தட்ட உதவும் மென்பொருள்), அங்கேயும் என்எச்எம் ரைட்டர், இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே எழுத்தை இரண்டு பேரும் மாற்றப் பார்ப்பார்கள். "அம்மா" என்று அடித்தால் அரைகுறையாக வரும். இங்கே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அங்கே மட்டும் தமிழை இயக்குங்கள். சரியாகவில்லை என்றால் செயலியின் கீபோர்டு அமைப்பில், விசைகளை அப்படியே அனுப்பும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

போனிலிருந்து என்றால் நான் போராடுவதே இல்லை. போனின் நோட்ஸில் தமிழில் அடித்து, நகலெடுத்து, அங்கே ஒட்டுகிறேன். ஒட்டும்போது கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கோப்பு பழைய பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கிறது. அதற்கும் ரிமோட்டுக்கும் சம்பந்தமில்லை.

## அறிகுறி 8: யாரும் தொடாமல் மவுஸ் நகர்கிறது

உங்கள் வீட்டிலேயே இன்னொருவர் ரிமோட்டில் இருக்கிறாரா என்று மட்டும் ஒரு போனில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரை அணைக்கச் சொல்லுங்கள். இங்கே எளியதிலிருந்து படிப்படியாகப் போகும் ஆராய்ச்சி வேண்டாம்.

சமீபத்தில் "பேங்கிலிருந்து பேசுகிறோம், கேஒய்சி முடியப் போகிறது, இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று வீட்டுக்கு யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். எனிடெஸ்க் வழியாக நடக்கும் இத்தகைய மோசடி குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. செயலியில் தவறில்லை, அது காட்டும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணை யாரிடம் சொன்னோம் என்பதுதான் விஷயம். வீட்டுப் பெரியவர்களைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குப் போன், அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930. இரண்டும் சில நிமிடத்துக்குள். கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள், அந்தக் கணினியிலிருந்து வேண்டாம். கோப்புகளின் பெயரெல்லாம் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருந்தால் எதையும் அழிக்காமல், ஃபார்மேட் செய்யாமல், நெட்டைத் துண்டித்த நிலையிலேயே தெரிந்த நிபுணரிடம் கொடுங்கள்.

மற்றபடி, யார் உள்ளே வந்தார் என்று தெரியாத கணினியை ஃபார்மேட் செய்துவிடுவதே நல்லது. திரும்ப எல்லாம் நிறுவியபின் கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதற்குப் பிறகுதான் ரிமோட் செயலியை உள்ளே விடுங்கள்.